செயற்கைக் கால்: அளவெடுப்பது முதல் அடியெடுத்து வைப்பது வரை

(நமது சங்கத்தின் திருவனந்தபுரம் கிளை மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மற்ற ஊர்களிலுள்ள உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுதித் தரப்பட்டது.)



நான் டாக்டர் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, முப்பத்தாறு வருஷம் அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குக் கால் எடுக்க வேண்டி வந்தபோது அவருடன் பல மாதங்கள் செயற்கைக் கால் செய்யும் இடத்துக்குப் போய் வந்தேன். அங்கே பார்த்ததும், கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு படித்ததும்தான் இந்த உரை. "மாசம் ஒரு தடவை கூடுகிறோம், அதில் இதையா பேசுவது?" என்று சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. இருபது வயதைக் கடந்தவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. கேரளத்தில் 25.5 சதவீதம். அதாவது நாலு பேருக்கு ஒருவர். கால் எடுப்பது என்றால் ரயில் விபத்தும் யுத்தமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஆறாத ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பிக்கிறது. சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. ரத்தக் குழாய் குறுகுகிறது. மத்தியான வெயிலில் கோவில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலுடன் பிரதட்சிணம் செய்து, கால் வெந்து கொப்புளித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. புண் அழுகத் தொடங்கினால் உயிரைக் காப்பாற்ற டாக்டர்கள் காலை எடுக்க வேண்டியதாகிறது.

அந்தச் செய்தி கேட்டதும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, "எந்தக் கம்பெனி கால் நல்லது? என்ன விலை?" என்பதுதான். வெளிநாட்டிலுள்ள பிள்ளை, "அப்பா, நான் இங்கேயிருந்து வாங்கி அனுப்பட்டுமா?" என்கிறான். அவன் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செயற்கைக் காலை மூக்குக் கண்ணாடி பிரேம் போல வாங்கி மாட்டிக்கொள்ள முடியாது. காலில் எந்தப் பாகம் உயர்ந்தது என்பதைவிட, அது உடம்போடு சேரும் இடம் எப்படி அமைந்திருக்கிறது, அதை மாட்டிக்கொள்ளும் முன் அந்த மனிதர் என்ன நிலையில் இருக்கிறார் என்பவைதான் முக்கியம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில், போரில் காலை இழந்த விஷ்பலா என்பவளுக்கு அசுவினி தேவர்கள் இரும்புக் கால் அளித்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. விஷ்பலா ஒரு குதிரையின் பெயர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும், இழந்த காலுக்குப் பதில் கால் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. எகிப்தில் சுமார் மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய பெண் மம்மி ஒன்றில் மரத்தால் செய்த கால் கட்டைவிரல் கிடைத்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் ஆம்ப்ரோஸ் பாரே என்ற ரண வைத்தியர் முழங்கால் மடங்கும் செயற்கைக் கால் ஒன்றை வடிவமைத்தார். நம் நாட்டில், இரண்டாம் உலக யுத்தத்தில் கால் கை இழந்த சிப்பாய்களுக்காக 1944-ல் புனாவில் ராணுவச் செயற்கை உறுப்பு மையம் ஏற்பட்டது. கான்பூரில் அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் 1972-ல் தொடங்கப்பட்டது.

ஆனால் சாமானிய இந்தியனின் வாழ்க்கை முறையைப் பார்த்துச் செய்யப்பட்ட பாதம் ஜெய்ப்பூரில் பிறந்தது. 1960-களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு சிகிச்சை நிபுணராக இருந்தவர் டாக்டர் பி.கே. சேத்தி. மேல்நாட்டு மாதிரிப் பாதத்தைப் பொருத்திக்கொண்டு போன கிராமத்து ஜனங்கள் சில நாளில் அதை மூலையில் போட்டுவிட்டு மறுபடி கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாதத்துக்குள் ஷூ மாட்டியே ஆக வேண்டும். குந்தி உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்று வரப்பில் நடக்க முடியாது. அதே ஆஸ்பத்திரியில் கைவினைஞராக இருந்த ராம் சந்திர சர்மா, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், டயர்க் கடையில் ரப்பர் உருக்கி ஒட்டுவதைப் பார்த்து இந்த யோசனையைப் பிடித்தார் என்று சொல்வார்கள். மெத்தென்ற ரப்பர் துண்டுகளும் கொஞ்சம் மரமும் உள்ளே வைத்து, வெளியே தோல் நிறத்தில் ரப்பர் சுற்றி, அச்சில் இட்டுச் சூடேற்றி ஒரே பாதமாக ஆக்கினார்கள். 1968-ல் உருவான இதுவே ஜெய்ப்பூர் கால். டாக்டர் சேத்திக்கு 1981-ல் மகஸேஸே விருது கிடைத்தது. பிறகு செபி தலைவராகவும் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.ஆர். மேத்தா 1975-ல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, இந்தக் காலை லட்சக்கணக்கானோருக்கு இலவசமாகப் பொருத்தியிருக்கிறது. திருச்சி அருகே 1981-ல் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்த நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலுடன் மறுபடி பரதம் ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். "மயூரி" படத்தில் தம் கதையில் தாமே நடித்தார்.

இனி, ஒரு கால் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட காலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முழங்காலைக் காப்பாற்ற முடிந்தால் அது பெரிய பாக்கியம். முழங்கால் இருப்பவர் செயற்கைக் காலுடன் நடக்க, சாதாரணமாக நடப்பதைவிடச் சுமார் கால் பங்கு சக்தி அதிகம் செலவாகும். முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தால் அது பாதிக்கும் மேல். வயதானவர்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இன்னும் அதிகம்.

எஞ்சியுள்ள காலை ஆஸ்பத்திரியில் "ஸ்டம்ப்" என்பார்கள். தையல் பிரித்ததும் உடனே அளவெடுக்க மாட்டார்கள். அதில் வீக்கம் இருக்கும், முனை பருத்திருக்கும். கிரேப் பேண்டேஜை எட்டு என்ற எண்ணின் வடிவில், கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றுவார்கள். ஒரு நாளில் பலமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். சில வாரங்களில் வீக்கம் வடிந்து உருவம் சீராகும். இந்த வாரங்களில்தான் முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் கட்டாயம் செய்ய வேண்டும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புண் ஆறி வீக்கம் வடிந்த பிறகு அளவெடுப்பு. இதைச் செய்பவர் பிராஸ்தெட்டிஸ்ட் என்ற தனிப் படிப்புப் படித்தவர். ஸ்டம்பின் மேல் மெல்லிய உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் அழியாத பென்சிலால் குறிக்கிறார். அதன் மேல் ஈர மாவுக்கட்டு சுற்றி, கையால் அழுத்தி உருவம் பிடிக்கிறார். கட்டு இறுகியதும் உருவி எடுத்தால் அது ஒரு கிண்ணம் போல இருக்கும். அதற்குள் மாவுக் கரைசலை ஊற்றி, நடுவில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, இறுகியதும் வெளிக்கட்டை உரித்தால் அந்த மனிதரின் ஸ்டம்பே வெள்ளைச் சிலையாக நிற்கும். பென்சில் குறிகளும் அதில் பதிந்திருக்கும்.

இங்கேதான் கைத்திறமை. அந்தச் சிலையை அப்படியே நகல் எடுத்தால் கால் சரியாக அமையாது. உடம்பில் சில இடங்கள் பாரம் தாங்கும், சில தாங்கா. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் நன்றாகத் தாங்கும். கணைக்கால் எலும்பின் வெட்டிய முனையும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பும் தாங்கா. ஆகவே தாங்கும் இடங்களில் சிலையைச் சுரண்டி எடுக்கிறார்கள், தாங்காத இடங்களில் மாவு பூசி மேடாக்குகிறார்கள். சிலையில் பள்ளமான இடம் சாக்கெட்டில் மேடாகி உடம்பை அழுத்தும். சிலையில் மேடான இடத்தில் சாக்கெட் விலகி நிற்கும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்ட முறை இது.

பிறகு பாலிப்ரோபிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் காய்ச்சுகிறார்கள். அது பிசைந்த மாவு போலத் தளர்ந்ததும் சிலையின் மேல் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் அச்சாக ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் உள்ளே இருக்கும் மாவை உடைத்து எடுத்துவிட்டு, விளிம்பைச் செதுக்கினால் சாக்கெட் தயார். உள்ளே மெத்தென்ற உறை ஒன்று உண்டு. சாக்கெட்டுக்குக் கீழே ஒரு உலோகக் குழாய், அதன் அடியில் பாதம்.

நான் படித்த பௌதிகம் எனக்கு இங்கே உபயோகப்பட்டது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு காலில் நிற்கும்போது, பாதம் 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழுவது 400 கிராம். சாக்கெட் சரியாக அமையாமல், பத்து கிலோ மட்டும் இரண்டு சதுர சென்டிமீட்டர் எலும்பு முனையில் விழுந்தால் அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. பன்னிரண்டரை மடங்கு. ஒரு கிலோமீட்டர் நடந்தால் அந்த இடம் 600, 700 தடவை இப்படி நசுங்குகிறது. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவருக்கு அந்த வலிகூடத் தெரியாது. பல லட்ச ரூபாய் பாதமும் இந்தத் தப்பைச் சரி செய்யாது.

சாக்கெட்டுக்கும் பாதத்துக்கும் உள்ள சாய்வை ஒரு டிகிரி, இரண்டு டிகிரியாகத் திருகு ஆணிகளால் திருத்துகிறார்கள். நிற்க வைத்துப் பார்த்து ஒரு தடவை, நடக்க வைத்துப் பார்த்துப் பல தடவை. இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடப்பது, பிறகு தடியுடன் நடப்பது, படி ஏறுவது, சரிவில் இறங்குவது, விழுந்தால் எழுந்திருப்பது என்று வரிசையாகப் பயிற்சி உண்டு. முதல் வருஷத்தில் ஸ்டம்ப் தொடர்ந்து சுருங்கும். உள்ளே போடும் உறைகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஒரு கட்டத்தில் புது சாக்கெட்டே செய்ய வேண்டும். ஆகவே செய்தவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அனுப்ப வேண்டியதை, இங்கே நாலைந்து தடவை போய் வரும் செலவுக்கும் பயிற்சிக்கும் அனுப்புங்கள்.

என் அத்திம்பேருக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். கரமனையில் வீடு. அறுபத்தெட்டாம் வயதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்காவும் பிள்ளைகளும் அவரைத் தங்கமாகத் தாங்கினார்கள். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்டம்புக்கு அடியில் தலையணை வைத்து, காப்பி, சாப்பாடு, பேப்பர் எல்லாம் கைக்கே வந்துவிடும். "எனக்கு இனிமே எங்கே போகணும்? நாலு பேர் பார்க்கறாப்பல நொண்டிண்டு போக வேண்டாம்" என்று அவரும் சொல்லிவிட்டார். இப்படி நாலரை மாசம். பிறகு அளவெடுக்கப் போனபோது முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டிருந்தது. நீட்டினால் பாதி தூரம்தான் வந்தது. பிராஸ்தெட்டிஸ்ட் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலை நான் செய்து தருகிறேன், முதலில் முட்டி நிமிரட்டும்" என்றார். தலையணை வைக்கவே கூடாது என்பது அன்றுதான் வீட்டில் தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் பிசியோதெரபி. தினமும் குப்புறப் படுத்து, வலியோடு வலியாக நீட்டினார். முழுவதும் நிமிரவில்லை. மிச்சமிருந்த மடிப்புக்கு ஏற்பச் சாய்த்துத்தான் கால் செய்தார்கள். கம்பிகளுக்கு நடுவே முதல் நாள் நாலு அடி வைத்துவிட்டு வியர்த்து உட்கார்ந்துவிட்டார். இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்று ராத்திரியில் சொல்வார். அக்கா பயந்து போய் மந்திரித்துக் கயிறு கட்டலாமா என்று கேட்டாள். இது கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்டு. மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. புத்தி பேதலிப்பு அல்ல. வலி அதிகமானால் மருந்தும் உண்டு. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

அவருக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. "ரப்பர் காலோட பிராகாரத்துக்குள்ளே போகலாமோ? செருப்பு மாதிரிதானே அதுவும்?" என்று குடும்ப வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் சிரித்துக்கொண்டே, "கழட்டி வெளியிலே வெச்சுட்டு வர முடிஞ்சா அது செருப்பு. இது உங்க கால். அலம்பிண்டு வாங்கோ" என்றார். அதன் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். தடியுடன்தான் நடந்தார், மாடிப் படி ஏறவில்லை. ஆனால் பால் வாங்கப் போனார், கோவிலுக்குப் போனார், பேத்தி கல்யாணத்தில் பந்தலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். அந்த முதல் நாலரை மாசம் வீணாகாமல் இருந்தால் தடியும் வேண்டியிருந்திருக்காது என்று பிராஸ்தெட்டிஸ்ட் சொன்னதாக அக்கா இன்றும் சொல்கிறாள்.

முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்குச் செயற்கை முட்டியும் வேண்டும். கால் ஊன்றும்போது அது உறுதியாக நிற்க வேண்டும், வீசும்போது இலேசாக மடங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு கீலால் செய்வது சிரமம். 1997-ல் ஜெர்மனியின் ஒட்டோபாக் கம்பெனி, சிறு கணிப்பொறி கட்டுப்படுத்தும் முட்டியை அறிமுகம் செய்தது. இந்த விஷயத்தில் நம் ஊர் பெருமைப்பட ஒன்று உண்டு. தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அப்படிப்பட்ட முட்டி ஒன்றை உருவாக்கியிருப்பதாக 2022 செப்டம்பரில் இஸ்ரோ அறிவித்தது. எடை 1.6 கிலோ. அதில் பாரத்தையும் மடங்கும் கோணத்தையும் அளக்கும் உணரிகள், ஹைட்ராலிக் டாம்பர், லித்தியம் அயான் பாட்டரி எல்லாம் உண்டு. கால் இழந்த ஒருவர் அதைப் பொருத்திக்கொண்டு சொற்ப ஆதரவுடன் தாழ்வாரத்தில் 100 மீட்டர் நடந்தார். இறக்குமதி முட்டிகள் 10 முதல் 60 லட்சம் ரூபாய் என்றும், இது சுமார் பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைக்கலாம் என்றும் அப்போது சொன்னார்கள். ஏற்கெனவே ஜெய்ப்பூர் காலுக்கு இலேசான பாலியூரித்தேன் பாதம் செய்யும் முறையைத் தந்ததும் இதே மையம்தான். ஏவுகணைக்கான கார்பன் பொருளைக் கொண்டு, குழந்தைகள் அணியும் மூன்று கிலோ காலிப்பரை 300 கிராமாகக் குறைத்ததை டாக்டர் அப்துல் கலாம் தம் மனதுக்கு நிறைவான காரியங்களில் ஒன்றாகச் சொல்வது வழக்கமாக இருந்தது. ஆனால் கணிப்பொறி முட்டிக்கு மேலேயும் ஒரு சாக்கெட் வேண்டும். அதை ஒரு மனிதர் கையால் தொட்டுப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

முடிக்கும் முன் சில குறிப்புகள். தயவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. சர்க்கரை உள்ளவர்கள் தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். கோவிலுக்குக் கல் சுடாத வேளையில் போங்கள்.

இரண்டு. கால் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், ஆபரேஷனுக்கு முன்னாலேயே பிசியோதெரபிஸ்டையும் பிராஸ்தெட்டிஸ்டையும் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். பெரிய மருத்துவக் கல்லூரிகளில் மறுவாழ்வு மருத்துவத் துறை இருக்கிறது.

மூன்று. முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம். நாள் பூராவும் நாற்காலியும் வேண்டாம்.

நான்கு. கால் வந்த பிறகு, தினமும் ராத்திரி ஸ்டம்பைச் சோப்புப் போட்டு அலம்பித் துடைத்துப் பாருங்கள். காலைக் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறையாத சிவப்பு இருந்தால் மறுபடி மாட்டாமல் பிராஸ்தெட்டிஸ்டிடம் போங்கள். மாட்டிக்கொள்ளும் முன் எண்ணெய், கிரீம் எதுவும் தடவ வேண்டாம்.

ஐந்து. இருக்கும் மற்றக் காலை இரட்டிப்பாகக் கவனியுங்கள். ஒரு காலை எடுக்கச் செய்த அதே நோய்தான் அதிலும் இருக்கிறது. செயற்கைக் காலை மாட்டாமல் விட்டால் உடம்பின் பாரம் முழுவதும் அதன் மேல்தான் விழும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளையும் வருஷத்துக்கு ஒரு நாள் பாதப் பரிசோதனை வைக்கலாம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிஷம்தான் ஆகும். நம் உறுப்பினர் யாருக்காவது கால் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால், முதல் வாரத்திலேயே நம்மில் இருவர் போய்ப் பார்க்கலாம். பழமும் ஹார்லிக்ஸும் கொண்டு போவது சரிதான். அவரோடு கூட, ஏற்கெனவே செயற்கைக் காலுடன் நடக்கும் ஒருவரையும் அழைத்துப் போனால், இனி வீட்டை விட்டு வெளியே வரவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இருக்க முடியாது. அப்படி வரச் சம்மதமுள்ள உறுப்பினர்கள் தங்கள் பெயரைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.